வீடியோ கேம்ல ‘டிஃபால்ட்’ யாரு? இனம், பண்பாடு பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

கேம்னா பொழுதுபோக்கு. அதுல எதுக்குங்க இனம், நிறம்னு பேசிக்கிட்டு?

என்கிட்ட அதிகமா வர்ற கேள்வி இதுதான், அதனால முதல்லயே வச்சுட்டேன். ஏதாவது ஒரு கேம் ஓபன் பண்ணி கேரக்டர் உருவாக்குற ஸ்கிரீனுக்குப் போங்க. நீங்க ஒரு பட்டனையும் தொடறதுக்கு முன்னாடியே அங்க ஒருத்தர் நிப்பார் பாத்தீங்களா? ரொம்ப நாளா அவர் வெள்ளைக்காரர், ஆம்பள, முப்பது வயசு, படிஞ்ச முடி. யாரும் அரசியல் பேசுவோம்னு உக்காந்து அவரை நிக்க வைக்கல, அது டிஃபால்ட், அதாவது நாம எதையும் மாத்தாதப்போ தானா வந்து நிக்கிறது, அவ்வளவுதான். ஆனா டிஃபால்ட் வானத்துலேர்ந்து விழாது, யாரோ ஒருத்தர் ஒரு நாள் கோட்ல எழுதி சேவ் பண்ணதுதான். யார் எழுதினாங்க, அப்போ அந்த ரூம்ல யார் இருந்தாங்க, யார் இல்ல, இதத்தான் கீழ திரும்பத் திரும்பப் பேசப்போறேன். முடியில, தோல்ல, எழுத்துல, கேம் ரூல்ஸ்ல, ஏன் ஆராய்ச்சிலகூட இந்த டிஃபால்ட் உண்டு.

விளையாடுறவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரப் பசங்கதானே? அவங்களுக்கு ஏத்த மாதிரிதானே செய்வாங்க?

இல்ல. 2015ல பியூ ரிசர்ச் சென்டர்ங்கிற ஆய்வு நிறுவனம் அமெரிக்க டீனேஜ் பிள்ளைங்ககிட்ட எடுத்த சர்வேல, கறுப்பினப் பிள்ளைங்கள்ல 83% பேர் கேம் விளையாடுறாங்க, வெள்ளையினப் பிள்ளைங்கள்ல 71%. இப்போ செய்யுற பக்கம் வாங்க. ஐஜிடிஏங்கிற சர்வதேச கேம் டெவலப்பர் சங்கம் 2005ல ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டுச்சு, பதில் சொன்னவங்கள்ல 83.3% வெள்ளையர், கறுப்பினத்தவர் வெறும் 2%, ஆம்பளைங்க 88.5%. ரொம்பப் பழைய கணக்குன்னு சொல்வீங்க, சரி, 2020ல பிரிட்டன் கேம் துறைல எடுத்த கணக்குலயும் வெள்ளையர் அல்லாதவங்க 10 பேர்ல ஒருத்தர்தான். விளையாடுற கூட்டம் ஒண்ணு, செய்யுற கூட்டம் வேற ஒண்ணு.

அப்போ ஆரம்ப காலத்துல வெள்ளையர் அல்லாதவங்க யாருமே இந்தத் துறைல இல்லையா?

இருந்தாங்க! யாரும் சொல்லிக் குடுக்கலங்கிறதுதான் பிரச்சனை. ஜெர்ரி லாசன்னு ஒரு கறுப்பின இன்ஜினியர், ஃபேர்சைல்ட் கம்பெனில வேலை பாத்தவர். அவர் தலைமையில வந்ததுதான் 1976ல வெளியான சேனல் எஃப், அதாவது கேட்ரிஜ் (கேம் பதிஞ்ச சின்ன டப்பா) கழட்டி வேற கேட்ரிஜ் மாட்டுற முதல் வீட்டு கன்சோல். அதுக்கு முன்னாடி மெஷினுக்குள்ள என்ன கேம் இருக்கோ அத மட்டும்தான் ஆட முடியும். அட்டாரியோட பிரபலமான கன்சோல் அடுத்த வருஷம்தான் வந்துச்சு, ஆனா கேட்ரிஜ்னா எல்லாருக்கும் அட்டாரிதான் ஞாபகம் வருது. லாசன் ஒரு பேட்டில சொல்லியிருக்கார், அவர் பேசுறதக் கேட்டதும் சிலர் அப்படியே அதிர்ச்சியாயிடுவாங்களாம், ஏன்னா கறுப்பினத்தவங்க குரல்னா இப்படித்தான் இருக்கும்னு அவங்க மனசுல ஒண்ணு இருக்கு. ஐஜிடிஏ அவரைக் கூப்பிட்டு மரியாதை பண்ணது 2011 மார்ச்ல, அடுத்த மாசமே இறந்துட்டார்.

இன்னொருத்தர் ம்யூரியல் ட்ராமிஸ், கரீபியன் தீவு மார்ட்டினிக்ல பிறந்தவங்க, ஃபிரான்ஸ்ல கேம் செஞ்சவங்க. 1988லயே ‘ஃப்ரீடம்’னு ஒரு கேம், நீங்க தோட்டத்துல அடிமையா இருந்து கலகத்துக்கு ஆள் சேக்கணும். 1988ங்க! இன்னிக்கும் பெரிய கம்பெனிங்க தொடத் தயங்குற சப்ஜெக்ட். ஃபிரான்ஸ் அரசு அவங்களுக்கு நாட்டோட உயர்ந்த விருதான லெஜியன் ஆஃப் ஹானர் குடுத்தது 2018ல, முப்பது வருஷம் கழிச்சு.

கேரக்டர்ஸை யாராவது ஒழுங்கா எண்ணிப் பாத்திருக்காங்களா, இல்ல சும்மா தோணுறத சொல்றீங்களா?

எண்ணியிருக்காங்க. டிமிட்ரி வில்லியம்ஸும் கூட்டாளிங்களும் 2009ல வெளியிட்ட ஆய்வு, 9 பிளாட்ஃபார்ம்ல (அதாவது கேம் ஓடுற மெஷின் வகைகள்ல) நல்லா வித்த 150 கேம எடுத்து, அதுல வர்ற ஆளுங்கள மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரியே எண்ணி, அமெரிக்காவோட நிஜமான கணக்கோட பொருத்திப் பாத்தாங்க. ஆம்பளைங்க, வெள்ளையர், வளர்ந்தவங்க நிஜத்த விட அதிகம். லத்தீன் அமெரிக்க வம்சாவளியும் அமெரிக்கப் பூர்வகுடிகளும் ரொம்பக் கம்மி, அதுவும் சைடு கேரக்டரா மட்டும்தான், முக்கியப் பாத்திரமா ஒருத்தர்கூட இல்ல. கறுப்பினத்தவங்க எண்ணிக்கை பரவாயில்லன்னு தோணும், ஆனா அதுல நிறைய ஸ்போர்ட்ஸ் கேம்லேர்ந்து வர்றது.

ஸ்போர்ட்ஸ் கேம்லகூட அது ஆரம்பத்துலேர்ந்து இல்ல தெரியுமா. அமெரிக்கன் ஃபுட்பால் கேம் மேடன்ல ரொம்ப காலம் எல்லா வீரரும் வெள்ளையாத்தான் இருந்தாங்க, நிஜ லீக்ல பாதிக்கு மேல கறுப்பின வீரர்கள் ஆடிக்கிட்டு இருக்கும்போதே. மேடன் 95லதான் கறுப்பின வீரர்கள் ஸ்கிரீன்ல வந்தாங்க, அதுல வேலை பாத்தவங்கள்ல கார்டன் பெல்லமின்னு ஒரு கறுப்பின இளைஞர் இருந்தார். ரூம்ல யார் இருந்தாங்கன்னு நான் மேல சொன்னதுக்கு இத விட நேரான உதாரணம் எனக்குத் தெரியல.

ஸ்டீரியோடைப்னா என்ன? வில்லன் கறுப்பா இருந்தாலே தப்பா?

ஒரு கூட்டத்துல எல்லாரையும் ஒரே அச்சுல வார்த்துக் காட்டுறதுதான் ஸ்டீரியோடைப். வில்லன் எந்த நிறத்துலயும் இருக்கலாம். அந்த நிறத்துக்கு வேற வேலையே குடுக்கலன்னாதான் சிக்கல். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ல தால்சிம் ஞாபகம் இருக்கா, கழுத்துல மண்டையோட்டு மாலை, ரப்பர் மாதிரி நீளுற கை, வாயிலேர்ந்து நெருப்பு. எனக்கு தால்சிமைப் பிடிக்கும், மறைக்க மாட்டேன், சின்ன வயசுல அவரைத்தான் எடுப்பேன். ஆனா பல வருஷத்துக்கு சண்டை கேம்ல இந்தியர்னா பெரும்பாலானவங்களுக்குத் தெரிஞ்சது அந்த ஒருத்தர்தான். நூறு பேர்ல ஒருத்தரா இருந்தா அது ஒரு வித்தியாசமான கேரக்டர், ஒரே ஒருத்தரா இருந்தா அதுவே ஒரு நாட்டோட அடையாள அட்டை ஆயிடும்.

ரெசிடென்ட் ஈவில் 5 கதை வேற. 2007ல வந்த ட்ரெய்லர்ல ஒரு வெள்ளையின ஹீரோ ஆப்பிரிக்க கிராமத்துக்குள்ள நடந்து போய், கூட்டம் கூட்டமா வர்ற கறுப்பின ஜனங்களச் சுட்டுத் தள்றார். ஜாம்பிதானே, முந்தின கேம்ல ஸ்பெயின்காரங்களச் சுட்டப்போ ஏன் பேசலன்னு ரசிகர்கள் கேட்டாங்க. நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும், ஆனா ஆப்பிரிக்கர்கள மூளையில்லாத ஆபத்தான கூட்டமா காட்டுற படங்களுக்கு காலனி ஆட்சிக் காலத்துலேர்ந்து ஒரு நீண்ட வரலாறு இருக்கு, ஸ்பெயின் கிராமத்துக்கு அது இல்ல. என்’காய் க்ரோல்னு ஒரு கறுப்பினப் பத்திரிகையாளர் 2008ல இதத்தான் சொன்னார், அதுக்கு அவர் வாங்கின திட்டு கொஞ்ச நஞ்சம் இல்ல.

முடி, தோல் எல்லாம் டெக்னிக்கல் விஷயம்தானே, அதுல என்ன பாகுபாடு?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

கிராஃபிக்ஸ்ல தோல் வரையுறதுன்னா வெளிச்சம் தோலுக்குள்ள பூந்து, சிதறி, மறுபடி வெளிய வர்றதக் கணக்கு போடணும். காது பின்னாடி லைட் இருந்தா காது சிவப்பா ஒளிரும் பாருங்க, அதுதான். வெளிர் தோலுக்கு இந்த எஃபெக்ட் பெரிசா தெரியும். கருமையான தோல்ல மேல்பரப்புல பட்டுத் தெறிக்கிற பளபளப்புதான் முக்கியம். எல்லா உழைப்பையும் முதல் கணக்குல போட்டுட்டு, கடைசில நிறத்த மட்டும் அடர்த்தியா மாத்தினா என்ன ஆகும்? சாம்பல் பூசின மாதிரி உயிரில்லாத முகம். அனிமேஷன் பட கம்பெனி பிக்ஸார்ல வேலை பாத்து யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன தியோடர் கிம் 2020ல இதப் பத்தி காட்டமா ஒரு கட்டுரை எழுதினார், ஆய்வுக் கட்டுரைங்கள்ல ‘மனிதத் தோல்’னு பொதுவா போட்டிருப்பாங்க, உள்ள போய்ப் பாத்தா அது வெள்ளைத் தோல், ‘மனித முடி’ன்னா நேரான முடின்னு.

முடி இன்னும் மோசம். இறுக்கமா சுருண்ட ஆப்பிரிக்க முடிய சரியா வரையுறதுக்கான ஆராய்ச்சி பல பத்து வருஷமா கிட்டத்தட்ட காலி இடம். கிம்மும் ஏ.எம். டார்க்கிங்கிற கலைஞரும் இன்னும் சிலரும் சேர்ந்து 2024ல ஒரு வேலை பண்ணாங்க, அந்த முடிய உக்காந்து கூர்ந்து பாத்து மூணு குணத்தைக் கணக்குல கொண்டு வந்தாங்க. ஒண்ணு, தலைத்தோல் பக்கத்துல தாறுமாறா கிளம்புற முடிங்க கொஞ்சம் தள்ளிப் போனதும் ஒண்ணோட ஒண்ணு இசைஞ்சு ஒரே சுருளா சேந்துக்கும். ரெண்டு, பழைய டெலிஃபோன் வயர் மாதிரி சுருள் நடுவுல திடீர்னு எதிர்ப்பக்கமா திரும்பும். மூணு, ஒண்ணு ரெண்டு இழை மட்டும் கூட்டத்துலேர்ந்து விலகி ஒரு வளையத்த விட்டுட்டுத் தாவும். அந்த முடி தலையில இருக்கிறவங்க தினமும் கண்ணாடில பாக்குற விஷயம் இது, ஃபார்முலாவா எழுத 2024 வரைக்கும் ஆயிருக்கு. இதே டார்க்தான் கறுப்பின முடி அலங்காரங்களோட 3டி மாடல்கள யாரும் எடுத்துக்கிற மாதிரி ‘ஓபன் சோர்ஸ் ஆஃப்ரோ ஹேர் லைப்ரரி’ன்னு ஆரம்பிச்சவங்க.

பெரிய கேம்லகூட இப்படித்தான். மனுஷங்கள உருவாக்கி அவங்க வாழ்க்கைய நடத்துற சிம்ஸ் 4 வெளியானது 2014ல, நூத்துக்கு மேல தோல் நிறம் வந்தது 2020 டிசம்பர்ல, அதுவும் விளையாடுறவங்க வருஷக்கணக்கா கேட்டுக் கேட்டு.

எழுத்துலயும் பாகுபாடுன்னீங்களே, எப்படி?

கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2ங்கிற போர் கேம்ல கராச்சி மேப் (சண்டை நடக்குற களம்) இருக்கு. கராச்சில உருது. கேம்ல போர்டு எல்லாம் அரபி. இன்னும் நிறைய கேம்ல அரபி எழுத்து தனித்தனியா பிரிஞ்சு, திசை மாறி, எந்த அரபிக்காரராலயும் படிக்க முடியாத மாதிரி சுவத்துல ஒட்டியிருக்கும். ராமி இஸ்மாயில்னு ஒரு டச்சு எகிப்திய டெவலப்பர் வருஷக்கணக்கா மேடை மேடையா இதக் காட்டிக்கிட்டே இருந்தார்.

நமக்கு இது சொல்லாமலே புரியணும். ‘கொ’ன்னு எழுத ஒரு பாதி முன்னாடி, ஒரு பாதி பின்னாடி வரணும் இல்லையா? ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம், இடமிருந்து வலமா அடுக்கினா போதும்னு நெனச்சு எழுதின கேம் எஞ்சின்ல (கேம இயக்குற அடிப்படை சாஃப்ட்வேர்) தமிழ ஊத்தினா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் தொங்கும், படிக்கவே முடியாது. எஞ்சின் எழுதினவருக்குத் தமிழ் மேல கோவம் ஒண்ணும் இல்ல. அவர் டெஸ்ட் பண்ண வார்த்தைல கொம்பு இல்ல, அவ்வளவுதான்.

கேம் ரூல்ஸ்ல எப்படி பண்பாடு வரும்? ரூல்னா ரூல்தானே?

ஃபோர் எக்ஸ்னு ஒரு வகை கேம் இருக்கு, ஆராய்தல், விரிவாக்கம், சுரண்டல், அழித்தல்னு நாலு ஆங்கிலச் சொல்லுலேர்ந்து வந்த பேரு, பேர்லயே எல்லாம் இருக்கு. சிவிலைசேஷன் இந்த வகைதான். நிலம் காலியா இருக்கும், நீங்க போய் ஊர் கட்டணும், ஆறாவது பாகம் வரைக்கும் ஏற்கனவே அங்க இருக்கிறவங்க பேரு ‘காட்டுமிராண்டிகள்’, அவங்களக் காலி பண்ணா பரிசு. இப்போ இதுல எந்த இனத்தைக் கொண்டு வந்து சேத்தாலும் அவங்களும் அதே வேலையத்தான் பண்ணணும்.

2018ல சிவிலைசேஷன் 6ல கனடாவோட க்ரீ மக்களையும் அவங்க தலைவர் பவுண்ட்மேக்கரையும் சேத்தாங்க. கம்பெனி மரியாதையாத்தான் பண்ணுச்சு, இசை எல்லாம் அருமை. ஆனா அந்த சமூகத்துல பொறுப்புல இருந்த மில்டன் டூட்டூசிஸ் பகிரங்கமா ஆட்சேபிச்சார், நிலத்தப் பிடிக்கணும், மத்தவங்கள ஜெயிக்கணும்ங்கிற காலனிக்காரன் மதிப்பீடுதான் எங்களுக்கும் இருந்துச்சுங்கிற கட்டுக்கதைய இது பரப்புதுன்னு. அதுக்கு முன்னாடி சிவிலைசேஷன் 5ல ப்யூப்லோ மக்களோட தலைவர் போபேயை வைக்க நெனச்சாங்க, ப்யூப்லோ தலைவர்கள் வேண்டாம்னாங்க, கம்பெனி ஒத்துக்கிட்டு ஷோஷோன் மக்கள வச்சுட்டாங்க. ஒருத்தர்கிட்ட கேட்டா வேண்டாம்னும் சொல்லலாம், அதையும் ஏத்துக்கணும், இதுதான் எனக்கு இதுல பிடிச்ச பகுதி.

ஆராய்ச்சி உலகம் இதப் பத்தி எப்போ பேச ஆரம்பிச்சுது?

லேட்டாத்தான். ‘கேம் ஸ்டடீஸ்’ங்கிற ஆய்விதழ் 2001ல ஆரம்பிச்சுது, அப்போ பெரிய சண்டையே கேம் கதையா, ரூலாங்கிறதுதான். ரூல் கட்சியோட முக்கியமான ஆள் எஸ்பென் ஆர்செத் 2004ல எழுதினார், டூம் ரைடர் கேம் ஹீரோயின் லாரா க்ராஃப்ட் உடம்பு எப்படி இருந்தாலும் கவலை இல்ல, விளையாடும்போது நான் அத ஊடுருவித்தான் பாக்குறேன்னு. தன்னோட உடம்ப யாரும் கேள்வி கேக்காத ஒருத்தருக்குத்தான் இப்படி ஊடுருவிப் பாக்குற வசதி இருக்கும்னு நான் நெனக்கிறேன்.

ஆனா ஓரத்துலேர்ந்து வேலை நடந்துகிட்டேதான் இருந்துச்சு. லிசா நகமுரா 1995லயே, டெக்ஸ்ட் மட்டும் இருந்த ஆன்லைன் உலகத்துல வெள்ளையர்கள் சாமுராய், கெய்ஷான்னு ஆசிய வேஷம் கட்டிச் சுத்துறதப் பாத்து ‘அடையாளச் சுற்றுலா’ன்னு பேர் வச்சாங்க. வேஷம் போரடிச்சா கழட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம் பாருங்க, அதான் சுற்றுலா. கிஷோனா க்ரே எக்ஸ்பாக்ஸ் லைவ்ல (எக்ஸ்பாக்ஸ் கன்சோல்ல ஆன்லைன்ல பேசிக்கிட்டே ஆடுற சேவை) கறுப்பினப் பெண்களோட நாள்கணக்கா உக்காந்து ஆராய்ஞ்சு 2014ல புத்தகமாக்கினாங்க. மைக்க ஆன் பண்ணி ஒரு வார்த்தை பேசினா போதும், குரல வச்சே இனத்தக் கண்டுபிடிச்சுத் திட்ட ஆரம்பிச்சுடுறாங்க, அதனால அவங்க மைக்க ஆஃப் பண்றாங்க இல்லேன்னா தங்களுக்குள்ள தனி குரூப் வச்சுக்கிறாங்க. லாசனோட குரல் கதை ஞாபகம் வருதா? சௌவிக் முகர்ஜி, இந்திய ஆய்வாளர், 2017ல வீடியோ கேமையும் காலனியத்தையும் சேத்து வச்சு ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

ஆய்வுலகத்துக்குள்ளேயும் டிஃபால்ட் உண்டு. எழுதணும்னா இங்கிலீஷ்ல எழுதணும், மாநாடு பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கா, கட்டணம் டாலர்ல யூரோல, இதெல்லாம் தாண்டினா விசா. பேச்சாளர் பட்டியல்ல பேரு இருக்கும், ஆள் ஏர்போர்ட்டே பாத்திருக்க மாட்டார். டிக்ராங்கிற கேம் ஆய்வாளர் சங்கம் 2024 மாநாட்ட மெக்சிகோல குவாடலஹாராவுல வச்சாங்க, நல்ல விஷயம்.

மத்தவங்க நம்மளப் பத்தி செய்யுறதுக்குப் பதிலா நாமளே செஞ்சா?

செஞ்சிருக்காங்க. அலாஸ்கால குக் இன்லெட் பழங்குடி கவுன்சில், அரசாங்கப் பணத்த மட்டும் நம்பி இருக்க வேண்டாம்னு யோசிச்சு கேம்ல இறங்கினாங்க. 2014ல ‘நெவர் அலோன்’ வந்துச்சு, நூனான்னு ஒரு சின்னப் பொண்ணு, கூட ஒரு பனிநரி, கதை சொல்ற குரல் முழுக்க இன்யூபியாக் மொழி. கிட்டத்தட்ட 40 பெரியவங்க, கதைசொல்லிங்க, ஊர்க்காரங்க இதுல பங்கெடுத்தாங்க. கேமரூன்ல கிரோ’ஓ கேம்ஸ் 2016ல ‘ஔரியான்’ வெளியிட்டாங்க, கரண்ட் கட்டுக்கு நடுவுல செஞ்சது. புனேலேர்ந்து 2020ல ‘ராஜி’.

அப்புறம் ‘வெண்பா’, 2023, டொராண்டோல விசை கேம்ஸ். 1988ல கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவோட கிழிஞ்சு போன சமையல் குறிப்பு நோட்டு, அழிஞ்ச வரிகள நீங்க ஊகிச்சு நிரப்பணும். புதிர் எங்க இருக்குன்னு பாருங்க, மறந்து போன பண்பாட்டுலயே இருக்கு. மேல அலங்காரமா பூசல, ரூலே அதுதான். பிரிட்டனோட பாஃப்டா விருதுல சிறந்த அறிமுக கேம் விருது வாங்குச்சு.

இதெல்லாம் வலுக்கட்டாயமா திணிக்கிறாங்கன்னு ஒரு கூட்டம் சொல்லுதே?

சொல்லுது. 2024ல ஸ்வீட் பேபிங்கிற மாண்ட்ரியல் கம்பெனி மேல பாஞ்சாங்க, கதை, வசனத்துக்கு ஆலோசனை சொல்ற ஒரு சின்ன கம்பெனி, உலகத்துல எல்லா கேமையும் அதுதான் மாத்துதுன்னு. ஆலன் வேக் 2ங்கிற கேம்ல ஹீரோயின் சாகா கறுப்பினப் பெண்ணா இருக்கிறதுக்கு அவங்கதான் காரணம்னு பரப்பினாங்க, டைரக்டரே இல்லன்னு மறுத்தார், யாரும் கேக்கல.

பழைய ஜப்பான்ல நடக்குற அசாசின்ஸ் க்ரீட் ஷேடோஸ் கேம்ல யாசுகேங்கிற கறுப்பின வீரர் வந்தப்போ ஜப்பான்ல கறுப்பினத்தவரான்னு கத்தினாங்க. யாசுகே நிஜ ஆள், 1579ல பாதிரியாரோட ஜப்பானுக்கு வந்து ஓடா நொபுனாகாங்கிற போர்த்தலைவர்கிட்ட சேவை பண்ணவர், ஆவணம் இருக்கு. அதே கேம் விஷயத்துல ஒரு நிஜத் தப்பும் நடந்துச்சு, ஜப்பான்ல வரலாற்று நிகழ்வுகள நடிச்சுக் காட்டுற ஒரு குழுவோட கொடிய அனுமதி இல்லாம ஓவியத்துல போட்டுட்டாங்க, கம்பெனி மன்னிப்பு கேட்டுச்சு. பண்பாட்ட மதிக்கிறதப் பத்தி பேசணும்னா இதப் பத்திதான் பேசியிருக்கணும், ஆனா சத்தம் முழுக்க யாசுகே தோல் மேலயே போச்சு.

எல்லாருக்கும் ரேண்டமா நிறம் குடுத்துட்டா பிரச்சனை தீந்துடாதா?

ரஸ்ட்ங்கிற ஆன்லைன் கேம்ல 2015ல பண்ணாங்க. ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல உங்க ஐடிய வச்சு நிறம் முடிவாகும், மாத்த முடியாது. சிலர் ரசிச்சாங்க, சிலர் என்ன மாதிரியே இல்லாத ஆளா ஏன் ஆடணும்னு கொதிச்சாங்க. கறுப்பினப் பிள்ளைங்க பல வருஷமா அப்படித்தானே ஆடிக்கிட்டு இருந்தாங்கன்னு எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. தீர்வான்னு கேட்டா இல்ல, ஆனா நல்ல பரிசோதனை.

நாங்க மூணு பேர் டீம், பட்ஜெட் கிடையாது. என்ன பண்றது?

முதல் நாளே லைட்டிங் டெஸ்ட் பண்ற மாடல கருமையான தோலோட வைங்க, அதுல நல்லா வந்தா வெளிர் தோலுக்கு சரி பண்றது ஈஸி, தலைகீழா பண்ணா கடைசி மாசம் அழுவீங்க. டெஸ்ட் வாக்கியத்துல தமிழ், அரபி, தாய்னு சில மொழி எழுத்துகள கலந்து போடுங்க. இன்னொரு சமூகத்தோட கதைய எடுக்குறீங்கன்னா கதை எழுதுறதுக்கு முன்னாடி போய்க் கேளுங்க, எல்லாம் முடிச்சுட்டு ‘ஒரு தடவ பாத்து ஓகே சொல்லுங்க’ன்னு போகாதீங்க, அப்போ அவங்களால எதையும் மாத்த முடியாது, உங்களுக்கும் மாத்த மனசு வராது. அவங்க நேரத்துக்குக் காசு குடுங்க, கம்மியா இருந்தாலும். கிரெடிட்ஸ்ல ‘நன்றி’ பகுதில தள்ளாம என்ன வேலை பண்ணாங்களோ அந்தத் தலைப்புல பேரப் போடுங்க, ஸ்பெல்லிங்க அவங்ககிட்டயே ஒரு தடவ கேட்டுக்கோங்க.